நாலு மணிக்கு அமுக்க வேண்டிய பொத்தான்

விளக்கு முதலில் எரிந்தது. பொத்தானை அமுக்கியது அதற்கு அப்புறம்தான்.

ஆவுடை இதை நம்பவில்லை. எதையும் லேசில் நம்பாமல் இருப்பதுதான் அவள் வேலை. பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகள் விர்ரென்று சுற்றும் பொட்டலில், தரைக்கு அடியில் எழுநூறு மீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம் கட்டியிருந்தார்கள். எலெக்ட்ரான்களைக் கூட்டமாக அதற்குள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றவிட வேண்டும். அவை சிந்தும் ஒளியில் மருந்து, மண், நோய்க்கிருமி என்று எதை வேண்டுமானாலும் குடைந்து பார்க்கலாம். திட்டம் அதுதான். பதினோரு வருஷமாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். வளையத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு குழாய்த் துண்டுகள். ஒவ்வொன்றையும் மேஜையில் வைத்துச் சோதித்து, இது உள்ளே போகலாம், இது ஆகாது என்று எழுதுகிற பொறுப்பு ஆவுடையுடையது.

'என்ன வேலை பாக்கே?' என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு அவள் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள்.

“மண் ரோட்டுல பஸ் போகுதுன்னு வைங்க. பின்னால சைக்கிள்ல வாரவன் புழுதி திங்கான்லா? அதேதான். முன்னால போற எலெக்ட்ரான் குழாய்க்குள்ள ஒரு அதிர்வை விட்டுட்டுப் போயிரும். பின்னால வாரது அதுல அடிபட்டுச் சிதறும். எந்தக் குழாய் எவ்வளவு புழுதி கிளப்புதுன்னு அளந்து சொல்லுவேன். அதுக்குப் பேரு இம்பீடன்ஸ்.”

“இதுக்கா முனைவர் பட்டம்?” என்பார்கள். அதற்கு மட்டும் அவளிடம் பதில் கிடையாது.

மேஜையில் இருக்கும் குழாய்க்குள் நிஜ பீமை, அதாவது எலெக்ட்ரான் கற்றையை, விட முடியாது அல்லவா? அதனால் தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பியைக் குழாயின் நட்டநடுவே இழுத்துக் கட்டி, அதில் ஒரு மின்துடிப்பை அனுப்புவார்கள். கம்பிதான் பீமுக்கு வேஷம் கட்டும். அந்தக் கம்பியை அறுக்காமல், தொய்யாமல் கட்டுவதில் டெக்னீஷியன் பீர் மைதீனை அடிக்க ஆள் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டுவார். கட்டி முடித்ததும், “ரப்பே!” என்று ஒரு பெருமூச்சு விடுவார். இரண்டு வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெருமூச்சு.

அத்தனையும் முடிந்த பிறகுதான் இந்தக் கூத்து. உபரியாக ஒரு பெல்லோஸ் கிடந்தது. பெல்லோஸ் என்றால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் எஃகுக் குழாய். குழாய்கள் சூட்டில் நீள்வதையும் குறுகுவதையும் அது வாங்கிக்கொள்ளும். சும்மா கிடக்கிறதே, அதையும் அளந்து வைப்போம் என்று கம்பி கட்டினார்கள். துடிப்பு கிளம்புவதற்கு முன்னாலேயே அதன் எதிரொலி அளவுக் கருவியான அனலைசரின் திரையில் வந்து நின்றது. நூறு கோடியில் நாலு பங்கு செகண்ட். அவ்வளவுதான். ஆனால் முன்னால்!

“புழுதி பஸ்ஸுக்கு முன்னால பறக்குது, மைதீன் அண்ணே.”

“பஸ்ஸு ரிவர்ஸ்ல போகுதோ என்னமோ. கேபிளை மாத்தி மாட்டிட்டீயளா, பாருங்க.”

பார்த்தாள். கேபிளை மாற்றினாள், அனலைசரை மாற்றினாள், மடிப்பே இல்லாத வழுவழுப்பான குழாய் ஒன்றை வைத்து ஒப்பிட்டாள், மேஜையைக்கூட மாற்றிப் போட்டாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சவத்துப் பெல்லோஸ் அசரவே இல்லை. கேள்வி கேட்பதற்கு முன்னால் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி.

வெளியே வரும் துடிப்பைத் திருப்பி அதற்குள்ளேயே விட்டால்? ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் முந்தியது. எத்தனை சுற்றோ அவ்வளவு முன்னால். ஒரு செகண்ட், பத்து செகண்ட், ஒரு மணி நேரம். நாலு மணி நேரத்தைத் தாண்டினால் மட்டும் இரைச்சலில் கரைந்துபோனது. மைதீன் ஒரு முனையில் அழைப்புமணிப் பொத்தானும் மறுமுனையில் சின்னச் சிவப்பு விளக்கும் மாட்டினார். பத்து செகண்டுக்குத் திருகி வைத்தார்கள்.

விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் பொத்தானைத் தொடவில்லை.

“அமுக்காதீங்க அண்ணே! ஏமாத்திப் பாப்போம்!”

மைதீன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆவுடை நாற்காலியோடு பின்வாங்கினாள். ஏழு, எட்டு, ஒன்பது. கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் ஞானசிகாமணி வந்தார். கையிலிருந்த ஃபைல் கட்டைத் தொப்பென்று மேஜைமேல் போட்டார். சரியாகப் பொத்தானின் மேல்.

“என்ன ரெண்டு பேரும் பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?” என்றார்.

சொன்னார்கள். அவர் சிரித்தார். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் அவரும் ஆடத் தொடங்கினார். அன்று சாயங்காலம்வரை மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிட்டார்கள். விளக்கு எரிந்ததும் பொத்தானை வாளியால் மூடினார்கள். மூடுகிற அவசரத்தில் வாளியின் விளிம்பே பொத்தானை அமுக்கியது. இயக்குநர் காவல் நின்றார். அவருக்குத் தும்மல் வந்தது, முழங்கை பட்டது. கடைசியில் கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்து அமுக்கியதும் ஆவுடை தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எரிந்தால், யாராவது அமுக்கியே தீருவார்கள். எரியாவிட்டால், அரசனே வந்தாலும் அமுக்க மாட்டான். ஏமாற்ற வழியே இல்லை.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட இயக்குநர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

“ஆவுடை, நாளைக்கு இதை வச்சு ஒண்ணு பாத்துருவமா?”

நாளைக்கு என்னவென்று மூன்று பேருக்குமே தெரியும். டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது. மூன்றரை மணிக்கு வளையத்தில் முழு அளவுக்கு பீம் ஏற்ற வேண்டும். சிதறாமல் கால் மணி நேரம் சுற்றினால் வளையம் பிழைக்கும். சிதறினால் இழுத்து மூடிவிடுவார்கள். பதினோரு வருஷமும் மண்ணோடு மண். சுற்றுமா, சுற்றாதா என்பது ஆவுடையின் கணக்கில் தொங்கியது. மொத்த வளையமும் கிளப்பலாம் என்று வரம்பு வைத்த புழுதி நூறு பங்கு. எல்லாத் துண்டும் சேர்ந்து கிளப்புவது தொண்ணூற்று மூன்று என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஏழு பங்குதான் இடைவெளி. அந்த ஏழு பங்கை நம்பித்தான் நானூறு பேர் இருந்தார்கள்.

“பீம் சிதறாம நின்னுதுன்னா நாலு மணிக்கு ஓடி வந்து பொத்தானை அமுக்குவோம். அப்போ பன்னிரண்டு மணிக்கே விளக்கு எரிஞ்சிரும். கமிட்டிக்குச் சோறு போடும்போதே நமக்கு விஷயம் தெரிஞ்சிரும் பாத்துக்க.”

“வேண்டாம் சார். தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்?”

“நிம்மதியாச் சாப்பிடுவோம்மா. நான் சாப்பிட்டு ஒரு வாரமாச்சு.”

பாவமாக இருந்தது. சரி என்றாள். அவளுக்கும் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் விடிந்ததும் சுரங்கத்துக்குள் பூஜை. புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் நகர்த்த மாட்டோம்; இவ்வளவு பெரிய வளையத்தை வெறுமனே ஓடவிடுவதா என்று எலெக்ட்ரான்களை வளைத்துவிடும் காந்தங்களுக்குப் பொறுப்பான பிரிவுக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். சக்கரம் இல்லையே? இல்லாவிட்டால் என்ன, நாலு திசையிலும் காந்தங்களின் தாங்கிகளுக்கு அடியில் வைத்தால் போதும். “துண்டு துண்டா எல்லாத்தையும் தொட்டுப் பாத்தவ நீதான், நீயே வையி” என்று நாலு பழத்தையும் ஆவுடை கையில் கொடுத்தார்கள். குங்குமம் பூசிய பழங்களை அவளும் பக்தியோடு வைத்துவிட்டு வந்தாள். மைதீன் முந்தின ராத்திரியே இருட்டுக்கடை வரிசையில் நின்று வாங்கி வந்த அல்வாப் பொட்டலம் அளவீட்டு அறை மேஜையில் தயாராக இருந்தது.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். மூன்று பேரும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இயக்குநர் அல்வாப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார்.

பன்னிரண்டு. எரியவில்லை.

“கடிகாரம் ஃபாஸ்டா இருக்கும்” என்றார் மைதீன்.

பன்னிரண்டு ஐந்து. பல்பைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினார்கள், பளிச்சென்று எரிந்தது. திருப்பி மாட்டினார்கள், செத்துக் கிடந்தது. பன்னிரண்டு பத்து. சோதனைக்காக ஒரு நிமிஷ அளவில் இன்னொரு பொத்தானை மாட்டிப் பார்த்தார்கள். அது ஒழுங்காக முந்திச் சொன்னது. கருவியில் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு இருபது ஆனதும் இயக்குநர் அல்வாப் பொட்டலத்தைத் திரும்பவும் நூல் போட்டுக் கட்டினார். அந்தக் காட்சியைத்தான் ஆவுடையால் தாங்க முடியவில்லை.

“போச்சு” என்றார் அவர்.

“சார், எரியலைன்னா யாரும் அமுக்கலைன்னு மட்டுந்தான் அர்த்தம். பீம் சிதறுச்சுன்னு அர்த்தமில்லை.”

“பீம் நின்னுருந்தா நாம ஏம்மா அமுக்காம இருக்கப் போறோம்? நமக்கென்ன கிறுக்கா?”

மைதீன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. “அறுநூத்திப் பன்னிரண்டு கம்பி, மேடம்” என்றார். “ஒண்ணுகூட அறுக்கலையே நான்.” ஆவுடை அவர் முதுகைத் தொடப் போய், தொடத் தைரியமில்லாமல் கையை எடுத்துக்கொண்டாள். தப்பு அவருடையது அல்லவே. தொண்ணூற்று மூன்று என்று எழுதிய கை இவளுடையது. அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. வெட்கமே இல்லாமல் சத்தம் போட்டு அழுதாள். இயக்குநர் ஒரு தாளை எடுத்து, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதி, அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

அழுது முடித்தபோது மூக்கு அடைத்திருந்தது, ஆனால் தலை தெளிந்திருந்தது. விளக்கு இல்லை என்கிறது. கம்பி உண்டு என்கிறது. இரண்டு வருஷத்தில் கம்பி அவளிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. ஒருவேளை இரண்டுமே நிஜமாக இருந்தால்? மேஜையில் அளந்தபோது சரியாக இருந்த ஏதோ ஒன்று, உள்ளே போன பிறகு கோணிக்கொண்டதோ?

“நான் டனலுக்குப் போறேன்” என்று டார்ச்சை எடுத்தாள்.

“எதுக்குட்டி? மூணு மணிக்குக் கதவைப் பூட்டணும். அறுநூறு துண்டையும் எப்படிப் பாப்பே?”

“நடந்து பாப்பேன் சார். இங்கன உக்காந்து அழுததுக்கு அங்கன நடந்துகிட்டே அழலாம்லா.”

நடந்தாள். ஒவ்வொரு துண்டாகக் குனிந்து, வெளிச்சம் அடித்து, கையால் தடவி. நூறு. இருநூறு. இடுப்பு விட்டுப் போனது. முந்நூறைத் தாண்டும்போது மணி இரண்டேகால். இன்னும் பாதி வளையம் கிடந்தது. ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நானூற்று நாற்பத்தேழாவது துண்டு, ஒரு பெல்லோஸ். வெளிச்சத்தில் அதன் மடிப்புகள் மேல்பக்கம் நெருங்கியும் கீழ்ப்பக்கம் விரிந்தும் தெரிந்தன. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். பெல்லோஸின் உள்ளே மெல்லிய செம்புத் தகடுகள் விரல் விரலாக எதிர்க் குழாயைத் தொட்டபடி இருக்கும். பீமுக்கு மடிப்பு தெரியாமல் மறைப்பதே அந்த விரல்கள்தான். இப்படி வளைந்தால் ஒரு பக்கத்து விரல்கள் தொடாமல் விலகிவிடும். விலகினால் ஏழு பங்கு என்ன, எழுபது பங்கு புழுதி கிளம்பும். ஏன் வளைந்தது என்று ஆவுடை கீழே குனிந்து தாங்கியைப் பார்த்தாள்.

குழாய்க்கும் தாங்கிக்கும் நடுவே, குங்குமப் பொட்டோடு, கொழுகொழுவென்று ஒரு எலுமிச்சம்பழம்.

மேற்குத் திசைப் பழம். காந்தத்தின் தாங்கிக்கு அடியில் இடம் இல்லையே என்று பக்கத்திலிருந்த சின்னத் தாங்கியில், கட்டைவிரலால் நன்றாக அமுக்கி, கண்ணை மூடிக் கும்பிட்டு, அவளே வைத்தது.

“அடிப் பாவி!” என்று தன்னைத்தானே திட்டினாள். சுரங்கம் முழுக்க எதிரொலித்தது. பழத்தைப் பிடுங்கியதும் குழாய் டக்கென்று தன் இடத்தில் உட்கார்ந்தது. மடிப்புகள் ஒன்றுபோல நின்றன. மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து மூன்று தரம் பார்த்தாள். பிறகு சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. முனைவர் பட்டம், இரண்டு வருஷம், அறுநூற்றுப் பன்னிரண்டு கம்பி, கடைசியில் ஒரு பழம்! சிரித்துக்கொண்டே மிச்சத் துண்டுகளையும் பார்த்தாள், மற்ற மூன்று பழங்களையும் பொறுக்கிக்கொண்டாள், பூட்டுவதற்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வெளியே விழுந்தடித்து வந்தாள்.

இயக்குநர் கதவருகே நின்றிருந்தார். “கமிட்டிகிட்ட ஒத்திவைக்கச் சொல்லிரவா?”

“பீம் ஏத்துங்க சார்.”

“விளக்குதான் எரியலையே, ஆவுடை.”

“விளக்கு கிடக்கு சார். ஏத்துங்க. என்மேல சத்தியமா ஏத்துங்க.”

ஏற்றினார்கள். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால். கட்டுப்பாட்டு அறையில் ஒரு இருமல்கூட இல்லை. முழு அளவு வந்ததும் திரையில் பச்சைக் கோடு ஒரு தரம் நடுங்கியது. ஆவுடை மைதீனின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். கோடு நிமிர்ந்தது. ஐந்து நிமிஷம். பத்து. பதினைந்து. கோடு கோலப்பொடி இழுத்த மாதிரி நேராக நின்றது.

அப்புறம் என்ன நடந்தது என்று யாருக்கும் வரிசையாகச் சொல்லத் தெரியாது. யாரோ விசில் அடித்தார்கள். இயக்குநர் ஞானசிகாமணி, ஐம்பத்தாறு வயதில், நாற்காலிமேல் ஏறி, “கர்த்தாவே! கர்த்தாவே!” என்று கத்தினார். மைதீன் கமிட்டித் தலைவி அம்மாவின் வாயில் அல்வாவைத் திணித்துவிட்டு, யார் வாயில் திணித்தோம் என்று தெரிந்ததும் நடுங்கிப்போனார். அந்த அம்மா மென்றுகொண்டே இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். ஆவுடையை நாலு பேர் தூக்கினார்கள், கீழே போட்டார்கள், மறுபடி தூக்கினார்கள்.

மணி மூன்று ஐம்பத்தைந்து.

“ஆவுடை!” என்று இயக்குநர் நாற்காலியிலிருந்து குதித்தார். “பொத்தான்! பொத்தானை அமுக்கலையே!”

மூன்று பேரும் ஓடினார்கள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி, அளவீட்டு அறைக் கதவை முட்டித் திறந்து, ஆவுடைதான் முதலில் மேஜைக்கு வந்தாள். மூச்சு வாங்க, சிரிப்பும் வாங்க, விரலை நீட்டினாள். பொத்தானுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நெல்மணி இடைவெளி. அங்கேயே விரல் நின்றுவிட்டது.

“அமுக்கு புள்ள!” என்றார் இயக்குநர்.

ஆவுடை விரலை மடக்கினாள். இரண்டு உள்ளங்கையையும் கவிழ்த்துப் பொத்தானை மூடினாள்.

“மாட்டேன் சார்.”

“என்ன மேடம் சொல்லுதீய?” என்றார் மைதீன். “நான் மத்தியானம் எப்படி அழுதேன்னு கண்ணால பாத்தீயளே. அந்த மனுஷனுக்கு ஒரு வெளிச்சத்தைக் காட்டப்பிடாதா?”

“காட்டினா அந்த மனுஷன் என்ன செய்வாரு அண்ணே? அல்வாவைப் பிரிச்சு எனக்கு ஊட்டிவிடுவாரு. சார் தட்டுல ரெண்டாந்தரம் சோறு போட்டுக்கிடுவாரு. நான் காலை நீட்டி உக்காந்துருவேன். டார்ச்சை எடுப்பேனா? டனலுக்குப் போவேனா?” பையிலிருந்து ஒரு பழத்தை ஒரு கையால் எடுத்து மேஜையில் வைத்தாள். “இது பெல்லோஸுக்கு அடியில இருந்துது. காலையில பூஜைக்கு நான்தான் வச்சேன். எடுக்காம விட்டிருந்தா பீம் முதல் சுத்துலயே சிதறியிருக்கும்.”

இரண்டு பேரும் பழத்தைப் பார்த்தார்கள். நசுங்கிய இடத்தில் தாங்கியின் தழும்பு பதிந்திருந்தது.

“ஆனா மத்தியானம் எரியலைங்கிறது நடந்து முடிஞ்ச கதை” என்றார் இயக்குநர் மெதுவாக. “இப்ப நீ அமுக்கினா மட்டும் அது மாறவா போகுது?”

“மாறாது சார். அப்ப நான் அமுக்கப் போறதில்லைன்னுதானே அர்த்தம்? ஏன் அமுக்க மாட்டேன்னு எனக்கே இப்பத்தான் விளங்குது.”

இயக்குநர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டைப் பையில் பாதி மடித்த கடிதம் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்போடு கண்ணும் வழிந்தது. “நானூறு பேரும் செத்துப் பொழைச்ச மாதிரி இருந்துச்சே, நாலு மணி நேரம். அது நாமளே நமக்குச் செஞ்சுக்கிட்டதா?”

“நாம மூணு பேரு மட்டுந்தான் சார். மத்தவங்களுக்கு விளக்குச் சங்கதியே தெரியாது.”

“அதுவும் நல்லதுதான்” என்று மைதீன் அல்வா ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே யாரோ தகர டின்னில் தாளம் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆவுடைக்குக் கால்கள் அந்தத் தாளத்துக்கு ஆடத் துடித்தன. ஆனால் கையை எடுக்க முடியாது. பன்னிரண்டு இருபதுவரை மூன்று பேரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களே. நாலு இருபதுவரை இந்தப் பொத்தானை யாரும் தொடக் கூடாது. உள்ளங்கைக்கு அடியில் அது குளிர்ச்சியாக இருந்தது. லேசாக அழுத்தினால் போதும். நாலு மணி நேரத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தி, நூல் போட்டுக் கட்டப்படும் அல்வாப் பொட்டலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தொண்ணூற்று மூன்று என்று எழுதிய கையை வெட்டிப்போடலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு சொட்டு வெளிச்சம் அனுப்ப இவளால் முடியும். அனுப்பத்தான் கூடாது.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு ஆனது. ஆவுடை கைகளை எடுக்காமல், மேஜைமேல் கவிழ்ந்து, விரல் இடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள்:

“அழு புள்ள. நல்லா அழு. அழுதாத்தான் டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போவே.”